பிடி தளர்ந்த தொழிலகம்

பேரரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் எழுதி வைத்த வரலாற்றாசிரியர்கள், பட்டறைகளின் தோற்றத்தையும் மறைவையும் எழுதி வைக்கப் பெரும்பாலும் மறந்துவிட்டனர். அரசன் ஒருவன் மறைந்தால் ஆண்டும் நாளும் குறிக்கப்படுகின்றன. கருவி செய்து வந்த ஒரு தொழிலகம் மறைந்தாலோ, அதன் கதவு அடைபடும் ஓசை அந்தத் தெருவைக்கூடத் தாண்டுவதில்லை.

ஆயினும் 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு தொழிலகம் மூடப்பட்டபோது, அந்நாட்டின் மரவேலைஞர்கள் பலர் உறவினர் ஒருவரை இழந்தவர்களைப் போல் வருந்தினர். 1903இல் தொடங்கி 113 ஆண்டுகள் நடந்து வந்த அந்தத் தொழிலகம் விமானமோ கடிகாரமோ செய்யவில்லை. மரத்தோடு மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பு என்னும் எளிய கருவியையே செய்தது. அட்ஜஸ்டபிள் கிளாம்பு கம்பெனி என்பது அதன் பெயர். இறுதி ஆண்டுகளில் அது போனி டூல்ஸ் என்று பெயர் மாறியிருந்தது. ஜார்கென்சன், போனி என்னும் இரு வணிகப் பெயர்களால் அதன் கருவிகள் அறியப்பட்டன.

எங்கோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு பட்டறை மூடப்பட்டதை நாம் ஏன் அறிய வேண்டும் என்று வாசகர்கள் வினவலாம். ஒரு கைத்தொழில் எவ்வாறு வாழ்கிறது, எவ்வாறு மறைகிறது என்னும் வினா நாடு, மொழி கடந்தது. அதற்கு விடை காண இந்தச் சிறிய வரலாறு நமக்குப் பெரிதும் துணை புரிகிறது.

கருவியும் அதன் பணியும்

தச்சனுக்குக் கைகள் இரண்டு. ஆனால் ஒரு மேசையின் மேற்பலகையை ஒட்டுவதற்குப் பத்துக் கைகள் வேண்டும். பசை தடவிய இரு விளிம்புகள் ஒன்றையொன்று இடைவெளியின்றித் தொட வேண்டும். பசை மெல்லிய படலமாகப் பரவ வேண்டும். அது உலரும் வரை பலகைகள் மயிரிழையும் நகரக் கூடாது. இப்பணியைச் செய்யும் மற்றக் கைகளே கிளாம்புகள். மரவேலைஞனிடம் எத்தனை கிளாம்புகள் இருந்தாலும் இன்னும் ஒன்று குறையும் என்பது அந்நாட்டுத் தச்சர்களிடையே வழங்கும் பேச்சு.

இக்கருவியை அரபு மொழியில் 'மில்ஸமா' என்பர். விட்டுப் பிரியாது பற்றி நிற்றல் என்னும் பொருளுடைய வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது அது. கட்டாயமானது, தவிர்க்க இயலாதது என்னும் பொருளில் நாம் அறிந்துள்ள 'லாஸிம்' என்பதும் அதே வேரிலிருந்து கிளைத்த சொல்லே. பெயர் பொருத்தமானதுதான். உளியின்றியும் இழைப்புளியின்றியும் எவ்வாறு தச்சுத் தொழில் இல்லையோ, அவ்வாறே பிடியின்றியும் அது இல்லை.

பழங்காலத்தில் கயிற்றைச் சுற்றி ஆப்பு அடித்து இறுக்கினர். பின்னர் மரத்திலேயே மரை வெட்டிய திருகுகள் வந்தன. மரத்திருகு தேயும், ஓங்கி இறுக்கினால் மரை உடையும். எஃகுத் திருகு மலிவாகக் கிடைத்தாலன்றி நல்ல பிடி பரவ வழியில்லை. 1800ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லி திருகு வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். 1841இல் ஜோசப் விட்வொர்த் திருகுமரைகளுக்கு ஒரே அளவுமுறையை முன்வைத்தார்; 1864இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் அந்நாட்டுக்குரிய அளவுமுறையை வகுத்தார். அதன் பின்னரே ஒரே அளவான எஃகுத் திருகுகளை ஆயிரக்கணக்கில் செய்வது எளிதாயிற்று. சிகாகோத் தொழிலகம் பிறப்பதற்கு முன் நிகழ்ந்திருக்க வேண்டியவை இவை.

சிகாகோவில் பிறந்த காரணம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சிகாகோ பெரியதொரு மரச்சந்தையாக விளங்கியது. மிச்சிகன், விஸ்கான்சின் காடுகளில் வெட்டப்பட்ட மரங்கள் ஏரி வழியாக வந்து, அந்நகரின் ஆற்றங்கரையில் மலைபோல் குவிந்தன. 1871ஆம் ஆண்டு நிகழ்ந்த பெருந்தீயில் ஏறத்தாழ 1,00,000 மக்கள் வீடிழந்தனர். எரிந்த நகரை மீண்டும் எழுப்பும் பணி, கொத்தனுக்கும் தச்சனுக்கும் ஓயாத வேலை தந்தது.

ஜெர்மனியிலிருந்தும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்தும் குடியேறியவர்கள் மரவேலையில் தேர்ந்த கைகளோடு வந்து சேர்ந்தனர். மேசை நாற்காலிகள், அலமாரிகள், பியானோ என்னும் இசைக்கருவி ஆகியவற்றைச் செய்யும் தொழிலகங்கள் அந்நகரில் பெருகின. கச்சாப் பொருளும், கைத்திறனும், வாங்குவோரும் ஓரிடத்தில் கூடியபோது, கருவி செய்வோனும் அங்கே தோன்றுவது இயல்பன்றோ? 1903இல் அத்தொழிலகம் அங்கே தொடங்கியது இவ்வாறுதான் பொருள்படுகிறது.

இரு கருவிகள்

அத்தொழிலகத்துக்குப் புகழ் தேடித் தந்தவை இரண்டு. முதலாவது, ஜார்கென்சன் என்னும் பெயர் தாங்கிய கைத்திருகு. கடினமான மேப்பிள் மரத்தாலான இரண்டு தாடைகள்; அவற்றை ஊடுருவிச் செல்லும் இரண்டு எஃகுத் தண்டுகள்; ஒவ்வொரு தண்டின் ஒரு பாதியில் வலமரை, மறுபாதியில் இடமரை. தாடைக்குள் பொருத்தப்பட்ட மரைக் காய்கள் தம் இடத்திலேயே திரும்பக்கூடியவை. இரு கைப்பிடிகளையும் இரு கைகளால் பற்றி, மிதிவண்டியின் மிதிகளைப் போல் சுழற்றினால் தாடைகள் விரைந்து விரியும், அல்லது குவியும்.

மரத்திருகு பூண்ட பழைய பிடிகளில் தாடைகள் இணையாக நின்றால்தான் இறுக்கம் கிட்டும். இந்தப் புதிய அமைப்பிலோ ஒரு தாடையைச் சாய்த்தும் நிறுத்தலாம். ஆகவே ஒரு பக்கம் பருத்தும் மறுபக்கம் சிறுத்தும் உள்ள மரத்துண்டையும் அது பற்றும். 'விரும்பியவாறு அமைத்துக் கொள்ளத்தக்கது' என்னும் பொருளுடைய சொல்லையே தொழிலகம் தன் பெயராக ஏற்றது. தாடைகளும் மரமாதலால், பிடிபடும் மரத்தில் வடு உண்டாவதில்லை. சில நிமிடங்களில் ஒருவருக்கு விளக்கிவிடலாம். ஆயினும் நூறாண்டுகளுக்கு மேலாக அதன் அடிப்படை அமைப்பை மாற்றும் தேவை எழவில்லை.

இரண்டாவது, போனி என்னும் குழாய்க் கிளாம்பு. இதில் தொழிலகம் விற்றது முழுக் கருவியை அன்று. வார்ப்பிரும்பாலான இரு முனைகளை மட்டுமே விற்றது. தண்ணீர்க் குழாய் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும் அரை அங்குல அல்லது முக்கால் அங்குல இரும்புக் குழாயை வாங்கி, ஒரு முனையைத் திருகிப் பூட்டி, மற்றொன்றைக் குழாயின் மேல் நகர விட வேண்டும். நகரும் முனையில் உள்ள எஃகு வட்டுகள் சாய்ந்து குழாயைக் கவ்விக்கொள்ளும். மூன்றடி மேசைக்கு ஒரு குழாய், ஆறடிக் கதவுக்கு வேறொரு குழாய், முனைகள் அவையே. இரண்டு குழாய்களை இணைத்தால் நீளம் இன்னும் கூடும். செல்வனுக்கு மட்டுமே எட்டக்கூடிய நீண்ட பிடியைச் சிறு பட்டறைக்காரனுக்கும் எட்டச் செய்தது இந்த எளிய ஏற்பாடு.

குறையும் இல்லாமலில்லை. ஈரப் பசையின் வழியே கறுப்புக் குழாய் ஓக் மரத்தைத் தொட்டால், இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து கருங்கறை படியும். அதைத் தவிர்க்கத் தச்சர்கள் இடையே மெழுகுத்தாளை வைப்பர். கருவியின் குறையையும் அறிந்து அதனோடு பழகுவதே தொழிலறிவு.

மூன்று குரல்கள்

தொழிலகம் மூடப்பட்ட செய்தி பரவியதும் மரவேலைஞர்கள் பேசியவற்றில் நாம் மூன்று குரல்களைக் காண்கிறோம்.

முதற்குரல் நினைவின் குரல். பாட்டனார் வாங்கிய கைத்திருகு இன்றும் என் பட்டறையில் வேலை செய்கிறது. தந்தையார் விட்டுச்சென்ற போனி முனைகளை நான் என் மகனுக்குக் கொடுப்பேன் என்றனர் பலர். கடைகளில் எஞ்சியிருந்தவற்றை விரைந்து வாங்கி வைக்குமாறு ஒருவரையொருவர் தூண்டினர்.

இரண்டாவது, குற்றஞ்சாட்டும் குரல். வெளிநாட்டிலிருந்து வந்து குவியும் மலிவுச் சரக்கே காரணம் என்றனர் சிலர். விலையைக் குறைக்கும்படி செய்வோரை நெருக்கும் பெரிய சங்கிலிக் கடைகளே காரணம் என்றனர் வேறு சிலர். காலத்தோடு மாறத் தொழிலகம் தவறியது என்றும் சொல்லப்பட்டது. 1889இல் ஸ்டுட்கார்ட் நகரில் தோன்றி, 1936 முதல் கிளாம்பு செய்து வரும் பெஸ்ஸி என்னும் ஜெர்மன் நிறுவனம் விலை கூடிய கருவிகளையே விற்றும் வாழ்கிறதே என்று அவர்கள் சுட்டினர். ஒரு கையாலேயே இறுக்கத்தக்க புதுவகைப் பிடிகள் சந்தையில் பரவியதையும் எடுத்துக் காட்டினர்.

மூன்றாவது குரல் மெலிதானது, ஆயினும் நேர்மையானது. நாமும் மலிவுக் கடைக்குத்தானே சென்றோம் என்றது அது. இரண்டு நல்ல கிளாம்பின் விலைக்கு ஆறு கிளாம்பு கிடைக்கும்போது ஆறையே எடுத்தோம். இன்று அழுவதற்கு நமக்கு என்ன உரிமை என்று கேட்டது.

முதற்குரலையும் மூன்றாங்குரலையும் சேர்த்து எண்ணுவோர்க்கு ஓர் உண்மை விளங்கும். பாட்டனாரின் கருவி பேரனிடத்தில் பழுதின்றி வேலை செய்கிறது என்பது அத்தொழிலகத்துக்குச் சூட்டப்பட்ட பெரும் புகழ். அப்புகழுரையே அது மறைந்ததற்கு ஒரு காரணத்தையும் தன்னுள் அடக்கியுள்ளது. பாட்டனாரிடம் ஒருமுறை விற்றவன், மகனிடமும் பேரனிடமும் விற்க இயலாமற் போனான். அழியாப் பொருளைச் செய்பவன், தன் அங்காடிக்குத் திரும்பி வரவேண்டாத வாடிக்கையாளனையும் கூடவே உண்டாக்கி விடுகிறான். புதிதாய்த் தொழில் தொடங்குவோர் பெருகிக்கொண்டே இருந்தால்தான் அத்தகையவன் பிழைக்க முடியும்.

தேவை குறைந்த காலம்

அவ்வாறு பெருகவில்லை என்பதே உண்மை. 1985இல் ஸ்வீடன் நாட்டு ஐக்கியா நிறுவனம் அமெரிக்காவில் தன் முதற்கடையைத் திறந்தது. பெட்டியில் அடுக்கிய பலகைகளை வாங்கி, வளைந்த ஒரு சிறு சாவியால் வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் வழக்கம் பரவலாயிற்று. அவ்வாறு பூட்டும் அலமாரிக்கு வீட்டில் கிளாம்பு வேண்டியதில்லை. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. அதன்பின் சீன மரச்சாமான்கள் அமெரிக்கச் சந்தையில் வெள்ளமெனப் புகுந்தன. 2005 தொடக்கத்தில் சீனப் படுக்கையறைச் சாமான்கள் மீது அமெரிக்க அரசு தனி வரி விதித்தது. வரி விதித்தும் பயன் சிறிதே. 2000க்கும் 2010க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் அந்நாட்டின் மரச்சாமான் தொழிலில் வேலை செய்வோர் தொகை ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது.

பிழைப்புக்காகச் செய்தோர் குறைந்தனர். விருப்பத்துக்காகச் செய்வோர் நின்றனர். 1975இல் தொடங்கப்பட்ட 'ஃபைன் வுட்வொர்க்கிங்' என்னும் இதழும், 1989 முதல் 2009 வரை நார்ம் ஏப்ரம் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியும் அவர்களை வளர்த்தன. விடுமுறை நாளில் வீட்டின் பின்புறத்தில் மரவேலை செய்யும் இவர்களே கருவிகளின் புதிய வாடிக்கையாளர். ஆனால் ஆண்டுக்கு நூறு நாற்காலி செய்யும் பட்டறையும், இரண்டு ஆண்டுக்கு ஒரு மேசை செய்யும் விருப்பக்காரனும் ஒரே அளவில் கருவி வாங்குவரா?

இப்னு கல்தூன் கூறிய காரணம்

இந்நிலையை விளக்க நாம் ஆறு நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். தூனிஸில் 1332இல் பிறந்து, கெய்ரோவில் 1406இல் மறைந்த இப்னு கல்தூன், ஹிஜ்ரி 779 (கி.பி. 1377) அளவில் முடித்த தம் 'முகத்திமா'வில் கைத்தொழில்களுக்கெனத் தனி இயல்கள் வகுத்தார். தச்சுத் தொழிலுக்கும் அங்கே ஓர் இயல் உண்டு. அரசர்களைப் பற்றி எழுதிய பேனா தச்சனைப் பற்றியும் எழுதியது என்பதே நமக்குப் படிப்பினை.

கைத்தொழில் என்பது ஒரு 'மலகா' என்பது அவருடைய கருத்து. செய்து செய்து கையிலும் மனத்திலும் ஊறிப்போன பழக்கத் திறனே மலகா. அது ஏட்டில் எழுதிக் கொடுக்கப்படுவதன்று. செய்பவரின் அருகில் நின்று, கண்டு, செய்து பெறப்படுவது. ஆசிரியனின் திறம் எவ்வளவோ மாணவனின் திறமும் அதற்கேற்பவே அமையும். நெடுங்காலம் நிலைத்த நாகரிகத்தில் அது ஆழ வேரூன்றும். அந்தலூசியா தளர்ந்த பின்னும் அங்கே கைத்தொழில்கள் எஞ்சி நின்றதை அவர் சான்றாகக் காட்டினார். ஆயினும் ஒரு தொழில் சிறப்பதற்கும் பெருகுவதற்கும் அதனை நாடுவோர் வேண்டும். நாடுவோர் இல்லாத தொழிலை யாரும் கற்க முன்வருவதில்லை. கற்போர் இல்லாத தொழில் மறைந்துவிடுகிறது.

சிகாகோவின் வரலாறு இக்கூற்றுக்கு விளக்கவுரை போல் அமைந்துள்ளது. தொழிலகம் மூடப்பட்ட பின் ஜார்கென்சன், போனி என்னும் பெயர்கள் சீனாவின் ஹாங்சோ நகரைச் சேர்ந்த கிரேட் ஸ்டார் நிறுவனத்தின் கைக்குச் சென்றன. அப்பெயர்களோடு கிளாம்புகள் மீண்டும் கடைகளுக்கு வந்தன. அவற்றைத் தாழ்வானவை என்று நாம் கூறவில்லை. சீனத் தொழிலாளியின் கையும் கற்றுத் தேர்ந்த கையே. ஆனால் விலைக்கு வாங்கத்தக்கது பெயரும் வரைபடமும் மட்டுமே. எஃகுத் தண்டில் மரை எவ்வளவு இறுகினால் கைக்கு இதமாகச் சுழலும், எந்த மேப்பிள் துண்டைத் தாடைக்கு ஏற்கலாம், எதைத் தள்ளிவிட வேண்டும் என்று தொட்டுப் பார்த்தே சொல்லும் அறிவு அந்தப் பட்டறையில் நின்றவர்களின் கைகளில் இருந்தது. கதவு மூடியபின் அவர்கள் கலைந்து போயினர். அந்த மலகாவை எந்தப் பத்திரத்தில் எழுதிக் கைமாற்றுவது?

இது சிகாகோவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. டென்மார்க்கிலிருந்து வந்து குடியேறிய கொல்லர் வில்லியம் பீட்டர்சன், 1920களில் நெப்ராஸ்கா மாநிலத்தின் டிவிட் என்னும் சிற்றூரில் பூட்டுக் குறடு ஒன்றை உருவாக்கினார். வைஸ் கிரிப் என்று உலகெங்கும் பரவிய அக்குறட்டைச் செய்து வந்த அவ்வூர்த் தொழிலகம் 2008இல் மூடப்பட்டது. உற்பத்தி சீனாவுக்குச் சென்றது. குறட்டின் பெயர் மாறவில்லை. பிழைப்பு இழந்தது ஊர்தான்.

வாங்குவோரின் பொறுப்பு

இவ்வளவையும் படித்தவர் எல்லாம் விதி என்று சோர வேண்டியதில்லை. அதே அமெரிக்காவில், அதே காலத்தில், மாறான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. ஸ்டான்லி நிறுவனம் செய்வதை நிறுத்திவிட்ட ஓர் இழைப்புளியை, தாமஸ் லீ நீல்சன் என்பவர் 1981இல் மெய்ன் மாநிலத்தில் மீண்டும் செய்யத் தொடங்கினார். வார்ப்பும் உலோகமும் முன்னையதினும் உயர்ந்தவை, விலையும் உயர்ந்ததே. மரவேலைஞர் அவ்விலையைக் கொடுத்தனர். அச்சிறு பட்டறை நிலைபெற்றது. பிற இழைப்புளிகளும் அங்கே உருவாயின. கைவிடப்பட்ட கருவி மீண்டும் உயிர் பெற்றதற்குக் காரணம், வாங்குவோர் இருந்தமையே.

ஆகவே நாம் காணும் முடிபு இது: பாராட்டு ஒரு தொழிலைக் காப்பதில்லை, மறைவுக்குப் பின் வரும் பாராட்டு சிறிதும் காப்பதில்லை. நல்ல கருவி ஒரு தலைமுறையில் ஒருமுறை மட்டுமே வாங்கப்படும் என்றால், அந்த ஒருமுறையில் செய்தவனுக்கு உரிய விலை சேர வேண்டும். ஆறு மலிவுக் கிளாம்புகளில் நான்கு வளைந்து குப்பைக்குப் போகும்போது, இரண்டு நல்ல கிளாம்புகளின் விலை உண்மையில் உயர்ந்ததன்று என்பது தெரிகிறது. அது தெரியும் காலத்தில் பட்டறை இருப்பதில்லை. எல்லாரும் உயர்ந்த விலை கொடுக்க வல்லவர் அல்லர் என்பதையும் நாம் மறுக்கவில்லை. குழாயை எங்கும் வாங்கிக்கொள் என்று முனைகளை மட்டும் விற்ற அத்தொழிலகமே எளியவனின் கைப்பணத்தை நினைந்த தொழிலகமன்றோ? அத்தகைய செய்வோரை அடையாளம் கண்டு, அவர்கள் இருக்கும்போதே நாடுவதுதான் வாங்குவோரின் மீதுள்ள அமானிதம்.

அமெரிக்கப் பட்டறைகளில் அந்தக் கிளாம்புகள் இன்றும் வேலை செய்கின்றன. பழைய சாமான் விற்பனையில் அவற்றைத் தேடி வாங்குவோரும் உள்ளனர். பசை உலர்ந்ததும் கிளாம்பைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிடுவார்கள். செய்து முடித்த மேசையில் பிடித்த தடம் எங்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்ல பிடியின் இலக்கணம். அதைச் செய்த கைகளின் தடம் மட்டும் அவ்வாறு மறைந்துவிடாமல் எழுதி வைப்பது, வரலாறு எழுதுவோர் தச்சனுக்கும் கருவி செய்தவனுக்கும் செலுத்த வேண்டிய கடனாகும்.